பதினைந்தாவது பெயர்

மகளுடைய ஒன்பதாவது பிறந்தநாளுக்கு இரண்டு வாரங்கள் இருக்கும்போது, யார் யாரை அழைக்க வேண்டும் என்று அவளையே எழுதச் சொன்னேன். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, கோடு போட்ட நோட்டில் வரிசை எண் இட்டு நிதானமாக எழுதினாள். என் தங்கை பிள்ளைகள் இருவர், நாத்தனார் மகன், என் கல்லூரித் தோழியின் இரட்டைப் பெண்கள், கணவரின் அலுவலக நண்பருடைய பையன், பாட்டு டீச்சர், மூன்றாம் மாடித் தாத்தா பாட்டி, இன்னும் சிலர் என்று பதினான்கு பெயர்கள் இருந்தன. அவற்றுக்குக் கீழே பதினைந்து என்று எண் போட்டு, புள்ளியும் வைத்து, பெயர் எழுதாமல் விட்டிருந்தாள். இது யார் என்று கேட்டேன். "இன்னும் தெரியலம்மா. அதுக்குள்ள யாராவது ஃபிரெண்ட் கிடைச்சா எழுதிக்கலாம்னு விட்டேன்" என்றாள். அவள் குரலில் வருத்தம் எதுவும் இல்லை. மளிகைச் சீட்டில் மறந்துபோன சாமானுக்கு ஒரு வரி விட்டுவைப்பதைப்போலத்தான் சொன்னாள்.

அன்றிரவு அந்தப் பட்டியலை மறுபடி எடுத்துப் படித்தேன். பதினான்கு பேருமே எங்கள் வழியாக அவளுக்குக் கிடைத்தவர்கள். உறவினர்கள், உறவினர் போன்றவர்கள், நாங்கள் சம்பளம் கொடுப்பவர்கள். அவளாகத் தேடிக் கண்டடைந்தவர் அதில் ஒருவர்கூட இல்லை.

நாங்கள் திருவான்மியூரில் இருக்கிறோம். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது மகள் யு.கே.ஜி. முடிக்கும் தறுவாயில் இருந்தாள். மகனுக்கு இரண்டு வயது நிரம்பியிருந்தது. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையான பிள்ளைகளுக்குப் பள்ளிகள் மீண்டும் திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. இடைப்பட்ட அந்த இருபது மாதங்களில் அவள் வீட்டிலேயே எழுத்துக்கூட்டிப் படிக்கவும், கணக்குப் போடவும், தன் போக்கில் நாள் முழுவதும் எதையாவது செய்துகொண்டிருக்கவும் பழகியிருந்தாள். அதைக் கலைக்க எங்களுக்கு மனம் வரவில்லை. ஓராண்டு பார்ப்போம் என்று தொடங்கியது, அப்படியே நிலைத்துவிட்டது. படிப்பைப் பற்றி அன்றும் இன்றும் எனக்குப் பெரிய கவலை இல்லை. இந்தக் கட்டுரை படிப்பைப் பற்றியதும் அல்ல.

வீட்டிலேயே பிள்ளைகளைப் படிக்க வைக்கிறோம் என்று சொன்ன மறுகணம் எதிரில் இருப்பவர் கேட்பது, "அப்போ மத்த பசங்களோட எப்படிப் பழகுவாங்க?" என்பதுதான். கல்யாண வீட்டுப் பந்தியிலும், டாக்டர் கிளினிக்கிலும், மின்தூக்கியிலும் இதைக் கேட்டிருக்கிறேன். எங்கள் ஹோம்ஸ்கூலிங் வட்டத்துப் பெற்றோர் எல்லோரையும் போல நானும் இதற்கு ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தேன். எங்கள் பிள்ளைகள் எல்லா வயதினரோடும் பேசுவார்கள், காய்கறிக்காரரிடம் விலை கேட்டு வாங்குவார்கள், பேருந்தில் நடத்துநரிடம் தாங்களே சீட்டு வாங்குவார்கள், பெரியவர்களைக் கண்டால் கூச்சப்படமாட்டார்கள் என்பதே அந்தப் பதில். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் கேட்ட கேள்விக்கு அது பதிலாகாது என்று அந்த நோட்டைப் பார்த்த இரவில்தான் எனக்கு உறைத்தது. பெரியவர்களோடு பழகுவது குழந்தைக்கு எளிது, ஏனென்றால் பெரியவர்கள் விட்டுக்கொடுப்பார்கள். மூன்றாம் மாடித் தாத்தா கேரம் ஆடினால் கடைசிக் காயை அவளுக்கு விட்டுவிடுவார். அவளைப்போலவே வெற்றி பெற ஆசைப்படுகிற, அவளைப்போலவே சட்டென்று முகம் வாடுகிற இன்னொரு ஒன்பது வயதுப் பிள்ளை அப்படி விடாது. அந்தப் பிள்ளையோடு ஒத்துப்போகக் கற்பது வேறு கல்வி. அதை எந்தத் தாத்தாவாலும், எந்தத் தாயாலும் சொல்லிக்கொடுக்க முடியாது.

ஹாரி ஸ்டாக் சல்லிவன் என்ற அமெரிக்க மனநல மருத்துவரின் சொற்பொழிவுகள், அவர் மறைந்த பிறகு, 1953இல் நூலாக வந்தன. ஏறக்குறைய எட்டரை வயதிலிருந்து பத்து வயதுக்குள் ஒரு குழந்தைக்குத் தன்னையொத்த ஓர் உற்ற தோழமை தேவைப்படத் தொடங்குகிறது என்று அவர் சொன்னார். அதுவரை விளையாட ஆள் இருந்தால் போதும் என்றிருக்கும் பிள்ளை, அந்த வயதில்தான் முதன்முதலாக, இன்னொரு பிள்ளையின் மகிழ்ச்சி தன் மகிழ்ச்சிக்கு இணையானது என்று உணர்கிறது. தன்னை இன்னொருவர் கண்வழியாகப் பார்த்துக்கொள்ளவும் கற்கிறது. அவர் கண்ட சமூகம் வேறு, காலம் வேறு. ஆனாலும் ஒன்பது வயதில் ஒரு பெண் காலியாக விட்ட பதினைந்தாம் எண்ணை எதிரில் வைத்துக்கொண்டு படிக்கும்போது, அவர் சொன்னதைத் தள்ளிவிட முடியவில்லை.

நம் மொழியில் 'பழகு' என்ற ஒரு சொல்லே இரண்டு வேலையைச் செய்கிறது. சிலம்பம் பழகுகிறோம், சைக்கிள் பழகுகிறோம், மனிதர்களோடும் பழகுகிறோம். திரும்பத் திரும்பச் செய்வதால் கைவருவது என்பது இரண்டுக்கும் பொது. நேரில் காணாமலேயே கோப்பெருஞ்சோழனுக்காக உயிர்விட வந்த பிசிராந்தையாரை நாம் காலங்காலமாகப் போற்றுகிறோம், போற்றத்தான் வேண்டும். அந்த நட்பு இருவர் மனமும் முதிர்ந்தபின் உண்டானது. குழந்தைகளுக்கு அப்படி நிகழாது. அவர்களுக்குப் பழகப் பழகத்தான் நட்பு. பழகுவதற்கு இடம் வேண்டும், நேரம் வேண்டும், அதே முகம் மறுநாளும் வர வேண்டும்.

நேரம் என்றால் எவ்வளவு? கான்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கணக்குச் சொல்கிறார். அறிமுகமான ஒருவர் ஓரளவு நண்பராவதற்கு ஏறத்தாழ 50 மணி நேரமும், நண்பர் என்று உறுதியாகச் சொல்வதற்கு 90 மணி நேரமும், நெருங்கிய நண்பராவதற்கு 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து கழித்திருக்க வேண்டுமாம். அவர் ஆராய்ந்தது பெரியவர்களையும் கல்லூரி மாணவர்களையும்தான். குழந்தைகள் இன்னும் விரைவாக ஒட்டிக்கொள்ளலாம். இருந்தாலும் அந்த எண்ணை வைத்து எங்கள் ஆண்டைக் கணக்கிட்டுப் பார்த்தேன். எங்கள் ஹோம்ஸ்கூலிங் குடும்பங்கள் மாதம் ஒரு சனிக்கிழமை மூன்று மணி நேரம் கூடுவோம். ஆண்டுக்கு 36 மணி. அதே பிள்ளைகள் ஒரு மாதமும் தவறாமல் வந்தால்கூட 200ஐத் தொட ஐந்தரை ஆண்டுகள் ஆகும். பள்ளிப் பிள்ளைக்கோ, தொடக்க வகுப்புகளில் ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாட்கள், 800 பாட மணிகள் இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது.

அந்த 800 மணி நேரமும் நட்புக்கான நேரம் அல்ல என்பது உண்மை. நான் படித்த பள்ளியில் ஆசிரியர் இல்லாத நேரத்தில் வகுப்புத் தலைவி கரும்பலகையின் ஓரத்தில் 'பேசியவர்கள்' என்று தலைப்பிட்டுப் பெயர் எழுதுவாள். பேசாமல் இருப்பதைத்தான் பள்ளி நாள் முழுவதும் எங்களுக்குக் கற்பித்தது. ஆனால் அதன் இடுக்குகளில் எங்களுக்கு எவ்வளவோ கிடைத்தது. காலை வழிபாட்டு வரிசையில் முன்னால் நிற்பவளின் ஜடையை இழுப்பது, மதியம் டிபன் பாக்ஸ் மூடியில் அவள் வீட்டுப் புளியோதரையும் என் வீட்டுத் தயிர்சாதமும் இடம் மாறுவது, மழைக்காலத்தில் பேருந்து வராமல் நிறுத்தத்தில் ஒரு மணி நேரம் ஒரே குடையில் நிற்பது. என்னோடு புளியோதரை மாற்றிக்கொண்டவள் இன்று வேறு ஊரில் இருக்கிறாள். என் அப்பா இறந்த அன்று, யாரும் சொல்லி அனுப்புவதற்கு முன்பே கேள்விப்பட்டு, இரவு ரயிலேறி வந்து நின்றவள் அவள். அப்படி ஒருத்தி என் மகளுக்கு வாய்க்க வேண்டும் என்றால், நான் பள்ளியிடமிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்திருக்க வேண்டியது பாடத்திட்டத்தைவிட அந்த இடுக்குகளைத்தான். அவற்றைக் கொண்டுவர நான் மறந்துவிட்டேன்.

அதற்குப் பதிலாக நாங்கள் செய்தது, சென்னையில் வசதியுள்ள பெற்றோர் எல்லோரும் செய்வதுதான். பாட்டு, நீச்சல், செஸ், சிலம்பம் என்று வகுப்புகளில் சேர்த்தோம். ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து பிள்ளைகள் இருந்தார்கள், ஆகவே நண்பர்கள் கிடைப்பார்கள் என்று நம்பினோம். நீச்சல் வகுப்பு 45 நிமிடம். அதில் தலை தண்ணீருக்கு வெளியே இருக்கும் நேரம் கொஞ்சம். முடிந்ததும் துண்டை ஏந்திக்கொண்டு ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தாயோ தந்தையோ வாசலில் நிற்போம். ஈரத் தலையோடு வண்டியில் ஏற்றி அடுத்த வேலைக்குக் கிளப்பிவிடுவோம். இரண்டு பிள்ளைகள் தூணோரம் நின்று எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தால், 'வா, லேட்டாச்சு' என்று நான்தான் கூப்பிட்டிருக்கிறேன். எத்தனை தூணோரங்களை அப்படிக் கலைத்தேனோ என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

எங்கள் அடுக்ககத்துப் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலை பத்து மணிக்கு என் பிள்ளைகள் இருவரும் கீழே இறங்கினால் காவலாளியைத் தவிர யாரும் இருக்கமாட்டார்கள். நான்கேகாலுக்குப் பள்ளி வேன் வரும். ஐந்து மணிக்கு டியூஷன், செவ்வாயும் வியாழனும் இந்தி வகுப்பு. ஆறரை மணிக்கு மேல் முக்கால் மணி நேரம் கீழே சத்தம் கேட்கும். அந்த முக்கால் மணி நேரத்துக்காக என் பிள்ளைகள் பகல் முழுவதும் காத்திருப்பார்கள். காலாண்டு, அரையாண்டு, ஆண்டுத் தேர்வு என்று வந்துவிட்டால் அதுவும் இல்லை. மே மாதம் எல்லோரும் ஊருக்குப் போய்விடுவார்கள். வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு நேரம் கொட்டிக் கிடக்கிறது, அதைப் பகிர்ந்துகொள்ள ஆள்தான் இல்லை. நகரத்தின் மற்ற பிள்ளைகளுக்கு நேரமே இல்லை. இது என் பிள்ளைகளின் குறை மட்டுமல்ல, எதிர்வீட்டுப் பிள்ளைகளின் குறையும்தான் என்பேன்.

பதினைந்தாவது பெயர் கடைசியில் நான் தேடாத இடத்திலிருந்து வந்தது. எங்கள் தெருமுனையில் தூங்குமூஞ்சி மரத்தடியில் ஓர் இஸ்திரி வண்டி நிற்கிறது. அறுபது வயதுக்கு மேற்பட்ட ஓர் அம்மா அதை நடத்துகிறார். பிறந்தநாளெல்லாம் முடிந்து சில வாரங்கள் கழித்து ஒரு மாலை, துணி மூட்டையைக் கொடுத்துவிட்டு வரச் சொல்லி மகளை அனுப்பினேன். ஐந்து நிமிட வேலை. அரை மணி ஆகியும் வராததால் எட்டிப் பார்த்தேன். வண்டிக்குப் பின்னால், நடைபாதை மேடையில், அவளும் இன்னொரு சிறுமியும் எதிரெதிரே குந்தியிருந்தார்கள். நடுவில் ஐந்து கற்கள். அந்தச் சிறுமி ஒரு கல்லை மேலே எறிந்து, அது இறங்குவதற்குள் கீழே கிடந்த நான்கையும் ஒரே வாரலில் அள்ளி, மேலிருந்து வந்ததையும் அதே கையில் பிடித்தாள். மகள் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இஸ்திரிக்கார அம்மாவின் பேத்தி அவள். மாநகராட்சிப் பள்ளியில் நான்காம் வகுப்பு. அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போவதால், பள்ளி விட்டதும் நேராக ஆயாவிடம் வந்து, வண்டியின் கீழ்த்தட்டில் பையை வைத்துவிட்டு, இருட்டும்வரை அங்கேயே இருப்பாள். டியூஷன் இல்லை, இந்தி வகுப்பு இல்லை. என் மகளைப்போலவே கைநிறைய மாலைப்பொழுது வைத்திருந்த ஒரே பிள்ளை அந்தத் தெருவில் அவள்தான்.

மகள் தினமும் போகத் தொடங்கினாள். முதலில் கையில் ஏதாவது ஒரு சட்டை எடுத்துக்கொண்டு போவாள், பிறகு சும்மாவே போனாள். "நீ எந்த ஸ்கூலு?" என்பது சென்னையில் எந்தப் பிள்ளையும் எந்தப் பிள்ளையிடமும் முதலில் கேட்கும் கேள்வி. இவளிடமும் கேட்டிருக்கிறாள். போவதில்லை என்று சொன்னதும், "உனக்குப் படிக்கத் தெரியாதா? நான் சொல்லித் தரேன்" என்று தன் தமிழ்ப் புத்தகத்தை எடுத்து வைத்தாளாம். மகள் அதை மறுக்காமல் ஒரு வாரம் அவளிடம் பாடம் கேட்டிருக்கிறாள். பிறகுதான் தனக்கும் படிக்கத் தெரியும் என்று சொன்னாளாம். அது ஏன் என்று நான் கேட்கவில்லை. தோழியின் முகம் வாடிவிடக் கூடாதென்று அவள் நினைத்திருக்கலாம்.

இரண்டு மாதம் கழித்துச் சண்டை வந்தது. ஒரு கல்லை எடுக்கும்போது பக்கத்துக் கல் அசைந்ததா இல்லையா என்பதுதான் வழக்கு. அது முற்றி, "ஸ்கூலுக்கே போவாதவ, உனக்கு என்னா தெரியும்" என்று அவள் சொல்ல, காய் விட்டுவிட்டு மகள் அழுதுகொண்டே மேலே வந்தாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன். ஆயாவிடம் பேசி, இரண்டு பேரையும் கூப்பிட்டுவைத்துச் சமாதானம் செய்துவிடலாம் என்பது என் எண்ணம். மகள் ஓடிவந்து என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டாள். "நீ போகாதம்மா. நீ போனா அப்புறம் அவ என்கூட எப்பவுமே பேச மாட்டா." நான் நின்றுவிட்டேன்.

வீட்டில் படிக்கும் பிள்ளையின் நட்புக்கு உண்மையான ஆபத்து அடுத்த மூன்று நாட்களில் இருந்தது. பள்ளிப் பிள்ளைகள் சண்டை போட்டால், மறுநாள் காலை அதே பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தாக வேண்டும். ரப்பர் கேட்க வேண்டியிருக்கும், நகரச் சொல்ல வேண்டியிருக்கும். பெஞ்சே பாதிச் சமாதானத்தைச் செய்துவிடும். எங்கள் பிள்ளைகளுக்கு அந்த பெஞ்சு இல்லை. போகாமல் இருந்துவிட்டால் போதும், அந்த நட்பு சத்தமில்லாமல் முடிந்துவிடும். பெற்றோருக்கும் அது வசதி. குழந்தை அழுவதைப் பார்க்க முடியாமல், சித்தி வீட்டுக்குப் போகலாம், புதிதாக ஒரு வகுப்பில் சேரலாம் என்று வேறு பக்கம் திருப்பிவிடுவோம். எங்கள் வட்டத்தில் இப்படித் திருப்பிவிடப்பட்ட எத்தனையோ நட்புகளைப் பார்த்திருக்கிறேன். "அந்தப் பையன் கொஞ்சம் முரடு, நாங்க இப்ப அங்க போறதில்ல" என்று மிக எளிதாகச் சொல்லிவிடுவோம். எனக்கும் அந்த மூன்று நாட்களில் கை பரபரத்தது. நான்காம் நாள், கொடுத்த துணி வாங்க வேண்டியிருந்தது. நானோ கணவரோ போய் வாங்கியிருக்கலாம். மகளிடம் பணத்தைக் கொடுத்து, வாங்கி வா என்று மட்டும் சொன்னேன். தயங்கித் தயங்கித்தான் இறங்கினாள். ஒரு மணி நேரம் கழித்து, இரண்டு விரலை நீட்டிக் காட்டிக்கொண்டே, "பழம் விட்டுட்டோம்மா" என்று மூச்சிரைக்க வந்து நின்றாள். துணி மூட்டையை வாங்கி வர மறந்திருந்தாள்.

அந்தச் சிறுமி எங்கள் வீட்டுக்கு முதன்முறை வந்தபோது, செருப்பைத் தரைத்தளத்திலேயே, படிக்கட்டின் கீழே விட்டுவிட்டு வெறுங்காலுடன் இரண்டு மாடி ஏறி வந்தாள். எங்கள் கதவருகே நான்கைந்து செருப்புகள் கிடந்தன. இங்கேயே விடலாமே என்று சொன்னேன். "பரவால்ல ஆன்ட்டி" என்றாள். அவளுக்கு யார் அப்படிச் சொல்லிக் கொடுத்தார்கள், எந்த வீட்டில் எப்போது என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியாது. என் மகள் அதைப் பார்த்தாள். மறுமுறை இருவர் செருப்பையும் அவளே கையில் எடுத்துக்கொண்டு மேலே வந்து, எங்கள் செருப்புகளுக்கு நடுவே வைத்தாள்.

எங்கள் ஹோம்ஸ்கூலிங் வட்டத்தின் பெரிய போதாமை இதில்தான் இருக்கிறது. இதை அந்த வட்டத்து நண்பர்களிடமும் சொல்லியிருக்கிறேன். அடையாறு, பெசன்ட் நகர், கிழக்குக் கடற்கரைச் சாலை என்று நாங்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரி வீடுகளில் இருக்கிறோம். பிள்ளைகள் தங்களுக்குள் ஆங்கிலத்தில் பேசிக்கொள்கிறார்கள். ஒரே மாதிரிப் பொம்மைகளை வாங்குகிறோம், சிறுதானியத்தில் செய்த ஒரே மாதிரி பிஸ்கட்டைக் கொண்டுவருகிறோம். குடும்பத்துக்கு வெளியே நட்பு வேண்டும் என்று சொல்லிவிட்டு, குடும்பத்தைப் போலவே இருக்கும் குடும்பங்களுக்குள் தேடினால், பிள்ளை வாசலைத் தாண்டியதாகவே ஆகாது. மகள் அந்தத் தோழியின் வீட்டுக்குப் போக வேண்டும் என்று கேட்டபோது நான் ஒரு வாரம் பதில் சொல்லாமல் இருந்தேன். பிறகு நானே போய் அவள் அம்மாவைப் பார்த்தேன். நான் கேட்க நினைத்திருந்ததையெல்லாம் அவர் என்னிடம் கேட்டார். உங்கள் வீட்டில் மாலையில் யார் இருப்பார்கள், சார் எப்போது வருவார், இருட்டுவதற்குள் பிள்ளையை யார் கொண்டுவந்து விடுவது. என்னைவிடத் தெளிவாகக் கேட்டார்.

உடன்பிறந்தவர்கள் இருக்கிறார்களே, போதாதா என்று பலர் கேட்பதுண்டு. என் மகனும் மகளும் மிகவும் ஒட்டுதலாக இருப்பவர்கள்தான். ஆனால் அக்கா அவனுக்கு எப்போதும் அக்காதான்; அவள் சொன்னால் சட்டம். அவனைவிடச் சிறிய ஒரு பையனுக்கு அவன் பட்டம் விடச் சொல்லிக்கொடுத்ததைக் கடற்கரையில் ஒருநாள் பார்த்தபோதுதான், அவனுக்குள் அவ்வளவு பொறுமை இருப்பது எங்கள் யாருக்கும் தெரியவந்தது. தம்பியாகவே இருந்தவரை அது வெளிப்பட வழியில்லை.

கடற்கரை என்றதும் ஆமைகளைச் சொல்லியாக வேண்டும். பங்குனி ஆமைகள் ஆண்டின் தொடக்க மாதங்களில் சென்னைக் கடற்கரையில் முட்டையிட வருகின்றன. 1988 முதல் மாணவர்கள் ஓர் அமைப்பாகச் சேர்ந்து, இரவு முழுவதும் மணலில் நடந்து, ஒவ்வொரு குழியிலும் இருக்கும் நூறு சொச்சம் முட்டைகளைப் பத்திரமாக எடுத்துவந்து, பெசன்ட் நகர்ப் பக்கம் அடைகாப்பிடத்தில் புதைத்துக் காக்கிறார்கள். ஏறத்தாழ ஏழு வாரத்தில் குஞ்சுகள் வெளிவரும். மாலை வேளையில் அவற்றைக் கடலில் விடுவார்கள். எப்போது வெளிவரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. சில நாள் நூறு குஞ்சு, சில நாள் ஒன்றுமில்லை. ஆகவே போய்க் காத்திருக்க வேண்டும். டார்ச் அடிக்கக் கூடாது, செல்போன் வெளிச்சம் கூடாது, ஏனென்றால் குஞ்சுகள் வெளிச்சம் உள்ள திசையைக் கடல் என்று நினைத்துப் போய்விடும்.

ஒரு மார்ச் மாதம் முழுவதும் வாரம் மூன்று நாள் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போனேன். ஆமைக்காகப் போனோம், ஆனால் அந்த இருட்டில், செய்வதற்கு எதுவும் இல்லாமல் மணலில் உட்கார்ந்திருந்த நேரத்தில், மறுபடி மறுபடி வந்த அதே ஏழெட்டுப் பிள்ளைகள் ஒருவரையொருவர் கண்டுகொண்டார்கள். பெற்றோர்கள் பத்தடி பின்னால் இருந்தோம், முகம் தெரியாது. முன்னால் இருந்து கிசுகிசுப்பும் அடக்கிய சிரிப்பும் மட்டும் கேட்கும். என் பள்ளிக்கூடத்துப் பேருந்து நிறுத்தம் என் நினைவுக்கு வந்தது. மகனின் இன்றைய நெருங்கிய நண்பன் அந்த மணலில் கிடைத்தவன்தான். பெசன்ட் நகரில் மூன்றாம் வகுப்புப் படிக்கிறான், ஞாயிறுதோறும் வருகிறான்.

அதற்குப் பிறகு எங்கள் மாதாந்திரச் சனிக்கிழமையை நாங்கள் சில குடும்பங்கள் மாற்றிக்கொண்டோம். ஒவ்வொரு முறையும் புது இடம், புது நிகழ்ச்சி, புதுப் பயிற்சியாளர் என்று அலைந்ததை நிறுத்தினோம். செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் மாலை நாலரை முதல் ஆறரை வரை திருவான்மியூர்க் கடற்கரையில் ஒரே இடம். வந்தவர் வரட்டும், நிகழ்ச்சி எதுவும் கிடையாது. வாரத்துக்கு நான்கு மணி நேரம், ஆண்டுக்கு ஏறத்தாழ 200. பெற்றோர் கண்ணுக்கு எட்டும் தொலைவில், காதுக்கு எட்டாத தொலைவில் உட்கார வேண்டும். ரத்தம் வந்தாலோ, தண்ணீருக்குள் இறங்கினாலோ, ஒரு பிள்ளையைப் பலர் சேர்ந்து ஒதுக்குவதைக் கண்டாலோ தவிர எழுந்து போகக் கூடாது. இந்த கடைசி விதியைக் காப்பது எனக்கு இன்றும் கடினமாக இருக்கிறது. முதல் இரண்டு மாதம் பிள்ளைகள் சலித்துக்கொண்டார்கள். "என்ன பண்றது இங்க?" என்று வந்து வந்து கேட்டார்கள். மூன்றாம் மாதம் கேட்பதை விட்டுவிட்டார்கள். சங்குப் பொறுக்கி ஒரு கடை வைத்தார்கள், அதற்கு நாணயம் செய்தார்கள், நாணயம் செய்வது யார் என்பதில் இரண்டு கட்சியாகப் பிரிந்து மூன்று வாரம் பேசாமல் இருந்தார்கள், பிறகு கடையே வேண்டாமென்று சேர்ந்து மூடிவிட்டார்கள். இஸ்திரி வண்டித் தோழியும் வெள்ளிக்கிழமைகளில் வருகிறாள். அவள் வந்தால் மொத்தக் கூட்டமும் தமிழுக்கு மாறிவிடுகிறது.

பதின்பருவம் நெருங்க நெருங்க இதெல்லாம் போதுமா என்ற கேள்வி மறுபடி எழுகிறது. எங்களைப் போன்ற பல குடும்பங்கள் பதினான்கு வயதுக்கு மேல் என்.ஐ.ஓ.எஸ். எனப்படும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத வைக்கிறார்கள். சான்றிதழுக்கு அது வழி. ஆனால் பதிமூன்று, பதினான்கு வயதில் பிள்ளைக்குத் தேவைப்படுவது சான்றிதழ் மட்டும் அல்ல, தன் வயதுக்காரர் கூட்டம். எங்களுக்குத் தெரிந்த ஒரு பையன் பதிமூன்று வயதில், "நான் பசங்க இருக்கற எடத்துல இருக்கணும்" என்று சொல்லி எட்டாம் வகுப்பில் சேர்ந்தான். அவன் பெற்றோர் அதைத் தங்கள் தோல்வியாக எடுத்துக்கொண்டு பல நாள் வருந்தினார்கள். அதில் தோல்வி எதுவும் இல்லை என்று நான் அவர்களிடம் மன்றாடாத குறையாகச் சொன்னேன். ஒரு பிள்ளை தனக்கு என்ன தேவை என்று அறிந்து, அதை வாய்விட்டுக் கேட்கவும் செய்திருக்கிறது. வீட்டில் படித்ததால் கிடைத்த தெளிவு அது என்றே நான் நினைக்கிறேன். ஆண்டுதோறும் பிப்ரவரியில் இரண்டு பிள்ளைகளையும் உட்காரவைத்து, வரும் ஜூனில் பள்ளிக்குப் போக விருப்பமா என்று கேட்பதை அதன்பிறகு வழக்கமாக்கிக்கொண்டோம். கேள்வியை நாங்கள் உண்மையாகத்தான் கேட்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

இந்த ஆண்டு மகள் உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. தோழி படிக்கும் பள்ளியைப் பார்க்க வேண்டும் என்றாள். மூவரும் போனோம். பள்ளிக்கே போகாத பிள்ளையையும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. ஏழாம் வகுப்பில் சேர்த்துக்கொள்ளலாம் என்று தலைமையாசிரியர் சொன்னார். வளாகத்தில் ஒரு வேப்பமரமும், அதைச் சுற்றிச் சிமெண்ட் மேடையும் இருந்தன. மகள் அந்த மேடையில் சிறிது நேரம் உட்கார்ந்து பார்த்தாள். திரும்பும் வழியில் அவள் கேட்டது பாடத்தைப் பற்றியோ சீருடையைப் பற்றியோ அல்ல. மதியச் சாப்பாட்டு இடைவேளை எத்தனை நிமிடம் என்பதைத்தான். நாற்பது என்று தோழி சொல்லியிருந்தாளாம். அதோடு காலையில் ஒரு பத்து நிமிடம், போக வர நடக்கும் நேரம் ஒரு அரை மணி. இப்போது மாலையில் மட்டும் அவளோடு இரண்டு மணி நேரம் கிடைக்கிறது. பள்ளியில் சேர்ந்தால் வீட்டுப்பாடம் அதில் எவ்வளவைத் தின்னும் என்று தோழியிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள். வரிசை எண் போட்டு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறாள். ஜூனுக்கு இன்னும் நாள் இருக்கிறது.